அரைத் திருப்பு

நாமக்கல் பக்கத்துப் புதுச்சத்திரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சேலத்துப் பக்கமிருந்து வருகிற லாரியைத் திரும்பிப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே டாட்டாவா லேலண்டா என்று சொல்லிப் பந்தயம் கட்டி, தோற்றவன் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. நீங்கள் இந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் உங்களுக்கும் அது இருந்திருக்கும். நான் அதிகம் தோற்றதில்லை. அந்தக் காது பிறவியில் வந்ததல்ல. 1968 கோடையில் ஒரு மேஸ்திரி திருகித் திருகிச் செய்து கொடுத்தது.

திருகினார் என்பதை அலங்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் வெட்டியாக இருக்கிறான் என்று பெரியப்பா என்னைத் தன் லாரியோடு சேர்த்து அந்த மேஸ்திரியின் பட்டறையில் விட்டார். லாரிக்குப் பெயர் ஃபர்கோ. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனிக்காரர்கள் ஒரே வண்டியைச் செய்து, ஒன்றில் டாட்ஜ் என்றும் ஒன்றில் டி சோட்டோ என்றும் இன்னொன்றில் ஃபர்கோ என்றும் பெயர்ப்பலகை அடித்து வெவ்வேறு ஏஜெண்டுகள் மூலம் விற்றார்கள். பெரியப்பாவோ, சாகும்வரை, டாட்ஜைவிட ஃபர்கோவுக்கு இழுவை ஜாஸ்தி என்று நம்பினார். டாட்ஜ் வைத்திருந்த அவருடைய மச்சான் இதற்கு நேர்மாறாக நம்பினார். இருவரும் ஒரே எஞ்சினுக்காக இருபது வருஷம் சண்டை போட்டார்கள் என்பதைச் சொல்லும் தைரியம் மேஸ்திரிக்குக்கூட இருக்கவில்லை, இரண்டு பேருமே வாடிக்கைக்காரர்கள்.

அது பெட்ரோல் லாரி. இன்றைக்கு என் பேரனிடம் பெட்ரோலில் ஓடிய லாரி என்று சொன்னால், நெய்யில் எரிந்த அடுப்பு என்று சொன்னது மாதிரி பார்க்கிறான். அப்போதே அதற்கு வயதாகிவிட்டது. ஜாம்ஷெட்பூரில் 1954-லிருந்தே டாட்டா-மெர்சிடிஸ் டீசல் லாரி வந்துகொண்டிருந்தது, எண்ணூரிலிருந்து லேலண்ட் காமெட் வந்துகொண்டிருந்தது, புத்தியுள்ளவர்கள் ஃபர்கோவின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு சென்னை சிம்சனில் செய்த பெர்க்கின்ஸ் பி-6 டீசல் எஞ்சினை அதே பானட்டுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மட்டும் மாற்றவில்லை. கேட்டால், "டீசல் வண்டி கத்தும், பெட்ரோல் வண்டி பேசும்" என்பார். கையில் காசு இல்லாததை இவ்வளவு அழகாகச் சொன்ன இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

பேசியது உண்மைதான். ஆனால் காலையில் அதைப் பேச வைப்பதற்குள் நம் வாய் ஓய்ந்துவிடும். பாட்டரி என்று ஒன்று இருந்தது, பெரும்பாலும் மரியாதைக்காக. சோக்கை இழுத்துவிட்டு, பம்பருக்குக் கீழே ஓட்டையில் ஹாண்டிலை நுழைத்து, கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாகச் சுண்டி இழுக்க வேண்டும். கட்டைவிரலைச் சுற்றி மடக்கிப் பிடித்தவன், டைமிங் முன்னால் போயிருக்கிற எஞ்சின் பின்வாங்கி உதைக்கும்போது, ஹாண்டிலோடு விரலையும் கொடுப்பான். பிடித்த விதத்தைப் பார்த்தே பையன் தேறுவானா என்று மேஸ்திரி முடிவு செய்வார். நான் முதல் நாளே கட்டைவிரலை மடக்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, காதைப் பிடித்தார். பாடம் அங்கே தொடங்கியது.

டியூனப் என்பதற்கு அந்தப் பட்டறையில் ஒரு வரிசை இருந்தது. அது கோயில் பூஜை வரிசை மாதிரி, மாற்றினால் சாமிக்கு ஆகாது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேப்பட் இடைவெளி பார்க்க வேண்டும். அந்த எஞ்சினுக்கு வால்வுகள் தலையில் இல்லை, விலாவில் இருக்கும், மேலே ஹெட் என்பது வெறும் தட்டையான இரும்புப் பலகை. சுடுகிற சைலன்சர் குழாய்க்கு அடியில் கையை விட்டு இரண்டு ஸ்பானரைப் பிடித்து ஃபீலர் தகட்டைச் செருகியவர்கள் எல்லோருக்கும் முன்கையில் ஒரே இடத்தில் தழும்பு இருக்கும். எனக்கும் இருக்கிறது, கல்யாணத்தின்போது பெண்வீட்டார் கேட்டதற்குச் சின்ன வயதில் பால் கொட்டியது என்று சொன்னோம். அதற்குப் பிறகு பிளக். ஆறையும் கழற்றி வரிசை மாறாமல் துணியில் அடுக்கி, மூக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, வெளுத்திருந்தால் பட்டினி கிடக்கிறது. சரியான நிறம் எது என்று கேட்டேன். "போன வருசத்து வெல்லம்" என்றார் மேஸ்திரி. எந்தப் புத்தகத்திலும் அதைவிடத் துல்லியமாக எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இருபது தவ் இடைவெளி வைக்க வேண்டும். தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பட்டறைப் பெயர். ஃபீலர் கேஜ் இல்லாத நாட்களில் கல்யாணப் பத்திரிகையின் அட்டையை மடித்துச் செருகினார், எந்த வீட்டுப் பத்திரிகை எத்தனை தவ் என்று அவருக்குத் தெரியும். பணக்கார வீட்டுப் பத்திரிகை கனமாக இருக்கும், அது பிளக்குக்கு. டைமிங் வைப்பதற்கு இன்னும் ரகசியமான ஏற்பாடு. ஹெட்டில் கடைசி சிலிண்டருக்கு மேலே சின்னதாக ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றிவிட்டு சைக்கிள் கம்பி ஒன்றை உள்ளே விட்டால், பிஸ்டன் மேலே வருவது கம்பி எழும்புவதில் தெரியும். ஆறாவது உச்சியில் நிற்கும்போது ஒன்றாவதும் உச்சியில் நிற்கும். கம்பி எழும்பி, தயங்கி, இறங்கப்போகிற அந்த இடத்தை விரல் நுனியால் பிடிக்க வேண்டும். அதன் பிறகு வயர்களை வரிசையாகச் செருக ஒரு வாய்ப்பாடு: ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு. மனப்பாடம் ஆகும்வரை எனக்கு மதியச் சாப்பாடு கிடையாது. எந்த அளவுக்கு மனப்பாடம் ஆயிற்று என்றால், இந்த வயதில் பேரன் வாங்கிக் கொடுத்த செல்போன் ஆறு இலக்கத்தில் ஒரு ரகசிய எண் கேட்டபோது, விரல் தானாகப் போய் அதைத்தான் அடித்தது. இதோ உங்களிடமும் சொல்லிவிட்டேன், இன்றைக்கே மாற்ற வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கார்புரேட்டர். அது மேஸ்திரியின் சட்டம். "எவனுக்கு எது ஆகலைன்னாலும் மொதல்ல கார்புரேட்டரைத்தான் திருகுவான். குடும்பத்துல சண்டைன்னா மருமகளைச் சொல்ற மாதிரி. அது பாவம், கடைசியில வந்தது, கடைசியில தொடு" என்பார். இந்தச் சட்டத்தை நான் இரண்டாவது வாரமே மீறினேன். மேஸ்திரி ராசிபுரம் சந்தைக்குப் போயிருந்தார். வண்டி கிளம்பும்போது இடறுகிறது என்று டிரைவர் சொன்னதும், பதினாறு வயது எஞ்சினியராகிய நான் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் டப்பாவில் முக்கி, ஜெட்டுகளை ஊதி, பெருமையோடு தலைகீழாகக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து என்னவோ ஒன்று கடுகு மாதிரி மின்னிக்கொண்டு மண்ணில் விழுந்தது. பட்டறைத் தரை முழுக்க எண்ணெயும் மணலும். அரைமணி நேரம் சல்லடை போட்டுச் சலித்தேன். கிடைக்கவில்லை. அது இல்லாமலே மூடி மாட்டினேன். வண்டியும் ஸ்டார்ட் ஆனது, நின்ற இடத்தில் அருமையாக ஓடியது. ஒரு பொருள் இல்லாமலே ஓடுகிறது என்றால் அது தேவையில்லாத பொருள் என்று விஞ்ஞானபூர்வமாக முடிவு செய்து சட்டையை மாற்றிக்கொண்டேன்.

மேஸ்திரி சாயங்காலம் வந்தார், சைக்கிளை விட்டுக்கூட இறங்கவில்லை. டிரைவர் ஆக்சிலேட்டரை ஒரு முறை அழுத்தினார். எஞ்சின் ஒரு கணம் மூச்சு முட்டி, பிறகு எழும்பியது. "பம்ப் குண்டு எங்கடா கண்ணு?" என்றார். ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு பீய்ச்சு பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கிற குட்டிப் பம்புக்கு அடியில் ஒரு எஃகுக் குண்டு உட்கார்ந்திருக்கும், அது இல்லாவிட்டால் பெட்ரோல் முன்னால் போகாமல் வந்த வழியே திரும்பிவிடும். இதெல்லாம் பிறகு சொன்னார். முதலில் காது. அதன்பிறகு என்னை அனுப்பி, சைக்கிள் கடையில் பழைய ஃப்ரீவீலிலிருந்து அரைக்கால் அங்குலக் குண்டு ஒன்று வாங்கிவரச் செய்து, அதைப் போட்டு, பித்தளைத் தண்டால் லேசாக ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்தார். அமெரிக்காவில் வரைந்து குர்லாவில் செய்த லாரி, புதுச்சத்திரத்து சைக்கிளின் ஒரு குண்டோடு கடைசிவரை ஓடியது.

கடைசிக் காட்சிக்கு எல்லோரும் கூடிவிடுவார்கள், டீக்கடைக்காரர் உட்பட. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி நீளமான திருப்புளியின் மரப்பிடியைக் காதில் வைத்து, நுனியை எஞ்சினின் விலாவில் அங்கங்கே தொட்டுக் கேட்பார், வைத்தியர் நெஞ்சில் குழல் வைப்பது மாதிரி. பிறகு கார்புரேட்டரின் ஸ்லோ ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகுவார். எஞ்சின் தடுமாறும். வெளியே திருகுவார். தொண்டையில் சளி கட்டியதுபோலக் கரகரக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில், அரைத் திருப்பில், ஒரு கணம் வரும். சத்தம் குறையும், வேகம் கூடும், கைப்பிடி நடுக்கம் நிற்கும். "எருமை படுத்துக்கிட்டு அசைபோடுது பாரு" என்பார். அப்போது ஜேபியிலிருந்து எட்டணாக் காசை எடுத்து அந்தத் தட்டையான ஹெட்டின் மேல் செங்குத்தாக நிறுத்துவார். காசு நிற்கும். ஆறு பிஸ்டன் கீழே குதித்துக்கொண்டிருக்க, அதன் மேல் எட்டணா விழாமல் நிற்கும். நான் அதற்குப் பிறகு வாத்தியாராகி, முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை வரைந்து அம்புக்குறி போட்டிருக்கிறேன். ஒரு பையனுக்கும் அந்த எட்டணாவை நிறுத்திக் காட்ட முடிந்ததில்லை.

இனிமையை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். சித்திரை வெயிலில் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போகிற வழியில் பாதி நாள் ஃபர்கோ நின்றுவிடும். குழாயில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் வெறும் காற்றை இழுக்கும். நனைத்த கோணியைப் பம்பின் மேல் போர்த்தி, வேப்பமர நிழலில் அதற்குக் காய்ச்சல் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். தொப்பூர் கணவாயில் ரேடியேட்டர் கொதிப்பதற்கென்றே இரண்டு தகரத்தில் தண்ணீர் கொண்டுபோவோம். டாங்கில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பேன், அதிலேயே கை கழுவுவேன், கழுவிய கையால் முறுக்கு தின்பேன். பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நாடு முழுவதும் அதை நிறுத்தியதே 2000-ல்தான். இப்போது எனக்கு ஆள் பெயர் மறந்துபோனால் ஃபர்கோவின் மேல் பழியைப் போட்டுவிடுகிறேன்.

உதிரிபாகம் கதை வேறு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைக்கு எழுதினால் கார்புரேட்டர் கிட் பார்சலில் வரும். ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இன்னொரு புதுச்சத்திரம் இருக்கிறது, அதற்கு ரயில்வே ஸ்டேஷனும் இருக்கிறது. நமக்கு அப்போது தண்டவாளமே இல்லை. ஆகவே எங்கள் கிட் ஒரு முறை அங்கே போய் இருபது நாள் கடற்காற்று வாங்கிவிட்டு வந்தது. அதுவரை மேஸ்திரி சோப்பு அட்டையை வெட்டிக் கேஸ்கட் செய்து ஓட்டினார். புதுக் கிட் வந்ததும் அதைப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டு, சோப்பு அட்டையிலேயே தொடர்ந்தார், நன்றாகத்தானே ஓடுகிறது என்று. சேலம்-கரூர் பாதை திறந்து நாமக்கல்லுக்கும் ரயில் வந்தது 2013-ல். ரயில் வரும்போது அனுப்ப வேண்டிய கிட் எதுவும் உலகத்தில் இல்லை.

1973-ல் அரபு நாட்டுக்காரர்கள் எண்ணெய் விலையை ஏற்றியபோது பெரியப்பாவின் "பேசும், கத்தும்" தத்துவம் செல்லுபடியாகாமல் போனது. ஃபர்கோவுக்கும் டீசல் எஞ்சின் வந்தது. கழற்றிய பெட்ரோல் எஞ்சினைத் தோட்டத்துக் கிணற்று மேட்டில் சிமெண்டுத் திண்டில் நிறுத்தி, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி, சில வருஷம் தண்ணீர் இறைத்தார்கள். லீவுக்கு ஊர் வரும்போதெல்லாம் நான் போய் அதன் ஸ்லோவைத் திருகிவிட்டு வருவேன். கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக, எஞ்சினும் ஒரு நாள் ஆயிலை மறந்தது.

இப்போது ஊருக்குள் லாரி வருவதில்லை. சத்திரம் என்று பெயர் வைத்துக்கொண்டு வழிப்போக்கரை நிறுத்திய ஊரை, ஏழாம் நம்பராக இருந்து நாற்பத்து நாலாம் நம்பரான நெடுஞ்சாலை நாலு வழியாகப் பிரிந்து வேகமாகத் தாண்டிப் போகிறது. என் தம்பி மகன் மூன்று லாரி வைத்திருக்கிறான், என்னைப் பெரியப்பா என்கிறான், காசு இல்லாததை அழகாகச் சொல்லத் தெரியாததால் தவணையில் வாங்கியிருக்கிறான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டி. டீசலோடு யூரியாத் தண்ணீரும் குடிக்கிறது, புகையே இல்லை, பின்னால் போகிற ஸ்கூட்டர்காரர் வெள்ளைச் சட்டையோடு வீடு போய்ச் சேரலாம். இப்போது புதிதாகச் செய்கிற லாரியில் டிரைவருக்கு ஏ.சி. வைத்தே ஆக வேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது. நனைத்த கோணியை எஞ்சினுக்குப் போர்த்திவிட்டுத் தான் வெயிலில் நின்ற எங்கள் டிரைவரை நினைத்துக்கொண்டேன். மைலேஜ் எவ்வளவு என்று கேட்டேன். லோடோடு நாலு என்றான். எங்களுக்கு மூன்றரை. அறுபது வருஷ விஞ்ஞானம் அரைக் கிலோமீட்டர்தானா என்று நான் சிரிக்க, "நீங்க ஏத்துனது அஞ்சு டன்னு பெரியப்பா, நான் இருபது" என்றான். அந்த இடத்தில் பேச்சை மாற்றினேன்.

போன ஐப்பசியில் அவனுடைய வண்டி ஒன்று களங்காணிக்குப் பக்கத்தில் நடை தளர்ந்து ஓரங்கட்டியது. நானும் தொற்றிக்கொண்டு போனேன். கேபினைக் கவிழ்த்திருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் வழக்கப்படி காதை நீட்டி, சத்தத்தில் ஒரு குறையும் இல்லையே என்றேன். சர்வீஸிலிருந்து வந்த பையன், என் பழைய மாணவர்களின் பேரன் வயது, டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு வயரைச் செருகி லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா, சத்தம் எல்லாம் இப்ப பாக்கறதில்லீங்க" என்றான், மரியாதையாகத்தான். பத்து நிமிஷம். திரையில் எண் வந்தது. எதையோ அழித்தான். வண்டி எழுந்துவிட்டது. என்ன கோளாறு என்றேன்.

"சென்சாருங்க."

"எது கெட்டதுன்னு சொல்லுச்சு?"

"எதும் கெடலீங்க. கெட்டுப்போச்சுன்னு சொல்ற சென்சார்தான் கெட்டுப்போச்சு."

மேஸ்திரி இருந்திருந்தால் யார் காதைத் திருகுவது என்று தெரியாமல் தவித்திருப்பார்.

அந்தப் பையன் சொன்னதில் வேறொரு நியாயமும் இருந்தது என்பதை வீட்டில்தான் ஒப்புக்கொண்டேன். சத்தத்தில் குறையில்லை என்று நான் சொன்னேன் அல்லவா, எனக்குக் கொஞ்ச நாளாகவே எதிலும் சத்தக் குறை தெரிவதில்லை, சத்தமே தெரிவதில்லை. குக்கர் விசில் மூன்றா நாலா என்பதில் எனக்கும் வீட்டுக்காரிக்கும் நிரந்தரத் தகராறு. மகன் பிடிவாதமாக நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு மெஷினை என் காதில் செருகினார்கள். ஸ்பானர் வேண்டாம், வயர்கூட வேண்டாம். எதிரே உட்கார்ந்திருந்த பெண் லாப்டாப்பில் ஏதோ கோடுகளை மேலும் கீழும் இழுத்தாள். முதலில் அறை முழுக்கக் கரகரத்தது. கொஞ்சம் குறைத்தாள், மூச்சு முட்டியது. திரும்பக் கூட்டினாள். ஃபேன் சுற்றுவதும், மகனின் செருப்பு நெருடுவதும், வெளியே துறையூர் ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றுவதும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. லேலண்ட்.

"இப்ப எப்படிங்கய்யா இருக்குது?" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கரகரங்குது கண்ணு, அரைத் திருப்பு உள்ள போ" என்றேன்.